பழைய வொர்க்ஸ்டேஷனில் லினக்ஸ் கெர்னல் பூட் ஆகாமல் நின்றால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

மதுரை, சிவகாசி வட்டாரத்து அச்சகங்கள், ஃப்ளெக்ஸ் கடைகள், டிடிபி மையங்கள், பள்ளி லேப்களில் பென்டியம் 4, கோர் 2 டுவோ, பழைய ஜியான் காலத்து மெஷின்கள் இன்றும் வேலை பார்க்கின்றன. எச்பி எக்ஸ்டபிள்யூ வரிசை, டெல் பிரிசிஷன், ஐபிஎம் இன்டெலிஸ்டேஷன் எனப் பெரிய கம்பெனி மெஷின்களும் உண்டு, உள்ளூரில் அசெம்பிள் செய்தவையும் உண்டு. 2014ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற பிறகு டெபியன், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் ஏற்றி ஓட்டப்படுகிறவை இவை. இந்தக் குறிப்பு அவற்றுக்கானது. கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி மெஷின்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

பூட் ஆகவில்லை என்றதும் "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் கெர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் தீர்ந்துபோன பேட்டரி, தளர்ந்த கேபிள், அழுக்குப் பிடித்த ராம், இடமில்லாமல் நிரம்பிய பூட் பகுதி (டிஸ்க்கில் கெர்னல் கோப்புகள் இருக்கும் இடம்), தடுமாறும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா). பூட் பகுதி நிரம்பியதைத் தவிர இவற்றில் ஒன்றுகூட ஃபார்மட்டால் சரியாகாது, அதற்கும் ஃபார்மட் தேவையில்லை. டேட்டா போகும், மெஷின் அடுத்த வாரமே மறுபடி நிற்கும். எந்த வரியில் நின்றது என்று முதலில் படியுங்கள்.

கட்டளைகளையும் திரையில் வரும் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும். முழுப் பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், புது சிஆர்2032 பேட்டரி, நல்ல சாட்டா கேபிள் ஒன்று, பிஎஸ்/2 கீபோர்டு, மென்மையான பிரஷ், பென்சில் ரப்பர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பேக்கப் எடுக்க வெளி டிஸ்க். இரண்டு பென்டிரைவ்: ஒன்றில் டெபியன் லைவ் (இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்), இன்னொன்றில் மெம்டெஸ்ட்86+ (ராமைச் சோதிக்கும் கருவி). பென்டிரைவில் பூட் ஆகாத பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டு மென்பொருள்) என்றால் இவ்விரண்டையும் டிவிடியில் எழுதி வையுங்கள்.

யுஎஸ்பி பிரின்டர், ஸ்கேனர், டாங்கிள், மறந்து செருகி வைத்த பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மானிட்டரும் மட்டும் போதும். கணிசமான கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து கெர்னலைப் பேச வையுங்கள். கிரப் (கெர்னலை ஏற்றும் புரோகிராம்) பட்டியல் வரவில்லையென்றால், கம்பெனி லோகோ மறைந்ததும் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பட்டியல் வந்ததும் 'ஈ' எழுத்தை அழுத்தினால் பூட் வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'குவய்ட்', 'ஸ்ப்ளாஷ்' என்ற இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எதுவும் கெட்டுப்போகாது. இப்போது வரிகள் ஓடும். மொபைலில் வீடியோ எடுங்கள். நின்ற இடத்தையும் அதற்கு மேலுள்ள இருபது வரிகளையும் நிறுத்திப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படியே கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. கோளாறு திரையில் அல்லது டிஸ்க்கில். பிஎஸ்/2 கீபோர்டில் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் தாமாகவே மினுக்கினால் அது கெர்னல் பேனிக், அதாவது மீள முடியாத பிழையில் கெர்னல் தானே நின்றுவிட்டது. ஒன்றுமே அசையவில்லையென்றால் மெஷின் உறைந்துவிட்டது. கீழே பல இடங்களில் இந்தச் சோதனையை வைத்துத்தான் வழி பிரிகிறது.

## அறிகுறி: "நோ பூட் டிவைஸ்", கிரப் கூட வரவில்லை

பயாஸில் தேதி பின்னால் போயிருந்தால்

சிமாஸ் பேட்டரி (போர்டில் இருக்கும் சிஆர்2032) தீர்ந்திருக்கிறது. நம் ஊரில் இது வெளிப்படும் விதம் தனி. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்-ன் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் கடிகாரத்தைத் தாங்கிக்கொள்ளும், பேட்டரி செத்தது தெரியாது. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்தும் நாளில், அல்லது விடுமுறைக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால், பயாஸ் அமைப்புகள் மொத்தமும் அழிந்துவிடும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே, ஷட்டவுன் முடிஞ்சு போட்டா வரலை" என்று யாராவது சொன்னால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியைக் கழற்றி அளக்கவும். புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எந்த எலெக்ட்ரானிக் கடையிலும், வாட்ச் கடையிலும்கூடக் கிடைக்கும். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை. பிளஸ் பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

மாற்றியபின் பயாஸில் மூன்றைச் சரிசெய்யுங்கள்: தேதி, பூட் வரிசை, சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை: ஏஎச்சிஐ, ஐடிஇ, ரெய்டு). மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முன்பு ஏஎச்சிஐயில் ஓடிய மெஷின் இயல்புநிலைக்குத் திரும்பும்போது ஐடிஇ அல்லது ரெய்டு ஆகிவிடும். சரியான அமைப்பு தெரிந்த நாளிலேயே பயாஸ் பக்கங்களைப் படம் எடுத்துப் பிரின்ட் போட்டு கேபினட் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்.

புதுப் பேட்டரி போட்டும் தேதி நிற்கவில்லையென்றால் ஹோல்டரின் தகடு துருப்பிடித்திருக்கும், அல்லது போர்டில் எங்கோ மின்கசிவு. தகட்டைச் சுரண்டிப் பாருங்கள். அதற்கு மேல் போர்டு சர்வீஸ் ஆள்தான்.

தேதி சரி, ஆனால் பயாஸ் டிஸ்க்கைக் காட்டவில்லை

டேட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு சாட்டா போர்ட்டில் செருகுங்கள், பவர் கனெக்டரை மாற்றிப் பாருங்கள், இதே வரிசையில். ஐடிஇ டிஸ்க் என்றால் ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா, கேபிள் 80 கம்பி கொண்டதா என்று பாருங்கள். 40 கம்பிக் கேபிள் சிடி டிரைவுக்குப் போதும், வேகமான டிஸ்க்குக்குப் போதாது.

டிஸ்க் "டிக்... டிக்..." என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்கவே வேண்டாம். ஒவ்வொரு சுழற்சியும் தட்டின் மேற்பரப்பைக் கெடுக்கும். உள்ளே இருப்பது முக்கியமானது என்றால், டிஸ்க்கைத் திறந்து வேலை பார்க்கும் வசதியுள்ள டேட்டா ரெகவரி ஆட்களிடம் கொடுங்கள். மென்பொருள் மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பவர்களிடம் வேண்டாம்.

## அறிகுறி: "கிரப் ரெஸ்கியூ" என்று வந்து நிற்கிறது

"நோ சச் பார்ட்டிஷன்" அல்லது "அன்னோன் ஃபைல்சிஸ்டம்"

கூடுதலாக ஒரு டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். பயாஸ் எந்த டிஸ்க்கை முதலாவதாக எடுக்கிறது என்பது மாறியிருக்கலாம். அது இல்லையென்றால் யாரோ பார்ட்டிஷனை அழித்திருக்கிறார்கள் அல்லது அளவை மாற்றியிருக்கிறார்கள்.

'எல்எஸ்' என்று தட்டினால் பார்ட்டிஷன் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக 'எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்1)/பூட்/கிரப்' என்று பாருங்கள். எதில் கோப்புகள் தெரிகின்றனவோ அதுதான் வேண்டியது. பிறகு மூன்று வரி:

செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்1)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

பூட் பகுதி தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் '/பூட்/கிரப்' இருக்காது, '/கிரப்' மட்டும் இருக்கும். பட்டியல் வந்து மெஷின் ஏறியதும் ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக 'கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ', 'அப்டேட்-கிரப்' இரண்டையும் ஓட்டுங்கள். எஸ்டிஏ-க்குப் பின்னால் எண் போடக் கூடாது.

"அவுட்சைட் ஆஃப் டிஸ்க்"

பழைய போர்டில் புதுப் பெரிய டிஸ்க் மாட்டிய இடங்களில் வரும். பழைய பயாஸ்களால் 137 ஜிபிக்கு அப்பால் படிக்க முடியாது. முதல் சில மாதங்கள் ஒழுங்காக ஓடும். ஒரு அப்டேட்டில் புதுக் கெர்னல் கோப்பு அந்த எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்த நாளில் நின்றுவிடும். கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் ஏறும். நிரந்தரத் தீர்வு, டிஸ்க்கின் ஆரம்பத்தில் 1 ஜிபி அளவில் தனி பூட் பார்ட்டிஷன். முழு பேக்கப் எடுக்காமல் பார்ட்டிஷனைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: "லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்" வரியோடு திரை கறுப்பு

கேப்ஸ் லாக் வேலை செய்கிறது

கெர்னல் ஓடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு திரையை விட்டுவிட்டது. கிரப்பில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் இடம் விட்டு 'நோமோட்செட்' சேர்த்து ஏற்றுங்கள். ஏறினால் காரணம் உறுதி.

வொர்க்ஸ்டேஷன்களில் இது அதிகம் வருவதற்கு என்விடியா குவாட்ரோ கார்டுகள் காரணம். பழைய குவாட்ரோ எஃப்எக்ஸ் கார்டுகளுக்கு 304, 340 என்ற பழைய டிரைவர் வரிசைகள்தான் பொருந்தும். கெர்னல் அப்டேட் ஆகும்போது அவை புதுக் கெர்னலோடு கட்டமைய மறுத்துவிடும். 'நோமோட்செட்' போட்டு உள்ளே போய் அந்த டிரைவரை நீக்கி, லினக்ஸோடு வரும் நூவோ டிரைவருக்கு மாறுங்கள். டிடிபி வேலைக்கு நூவோ தாராளமாகப் போதும். 'நோமோட்செட்' இருந்தால் நூவோ இயங்காது என்பதால், மாறியபின் அந்தச் சொல் இல்லாமல் ஏற்றிப் பாருங்கள்.

அப்போதும் கறுப்பென்றால் 'நோமோட்செட்'டை நிரந்தரமாக்கலாம். '/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில், பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்' என்றிருக்கும் வரியின் மேற்கோளுக்குள் இதைச் சேர்த்து 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். திரை கொஞ்சம் மந்தமாக இருக்கும், வேலை நடக்கும்.

கேப்ஸ் லாக் உறைந்துவிட்டது

லினக்ஸ் வரியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்: 'நோஏபிஐசி', பிறகு 'நோஎல்ஏபிஐசி', கடைசியாக 'ஏசிபிஐ=ஆஃப்'. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டால் எது காப்பாற்றியது என்று தெரியாது. "ஐஓ-ஏபிஐசி + டைமர் டஸின்ட் வொர்க்" என்ற பேனிக்குக்கு 'நோஏபிஐசி'தான் பதில், அந்தச் செய்தியிலேயே சொல்லியிருக்கும். 'ஏசிபிஐ=ஆஃப்' போட்டு ஓட்டுவது தற்காலிகத்துக்கு மட்டும்; மெஷின் தானாக அணையாது, ஃபேன் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம். வெயில் காலத்தில் அப்படி விட்டுவிடக் கூடாது. பயாஸ் அப்டேட் கிடைத்தால் போடுங்கள், ஆனால் யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டில் கை வைக்காதீர்கள்.

இவை எதற்கும் மசியாவிட்டால் கீழே ராம் பகுதிக்குப் போங்கள்.

சிபியு பற்றிய வரி வந்து நிற்கிறது

"எக்ஸ்86-64 சிபியு வேண்டும், ஐ686 தான் இருக்கிறது" என்ற பொருளில் வந்தால் கோளாறு எதுவும் இல்லை, 32-பிட் மெஷினில் 64-பிட் பென்டிரைவைப் போட்டிருக்கிறீர்கள். கோர் 2 டுவோ எல்லாமே 64-பிட். பென்டியம் 4ல் இரண்டும் உண்டு. 32-பிட் லைவில் ஏறி 'எல்எஸ்சிபியு' தட்டினால் தெரிந்துவிடும். 32-பிட் மெஷினுக்கு டெபியன் 12 வரைதான் இன்ஸ்டாலர் உண்டு, 2025ல் வந்த டெபியன் 13ல் இல்லை.

## அறிகுறி: "கெர்னல் பேனிக்... விஎஃப்எஸ்: அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)"

இதைப் பார்த்துத்தான் அதிக டிஸ்க்குகள் வீணாக ஃபார்மட் ஆகின்றன. அடைப்புக்குள் இருக்கும் 0,0 என்பதைக் கவனியுங்கள். கெர்னலுக்கு எந்த டிஸ்க்கும் தெரியவில்லை என்று அர்த்தம், டிஸ்க் கெட்டது என்று அர்த்தம் இல்லை. டிஸ்க்கைப் பார்க்க வேண்டிய டிரைவர்கள் இனிட்ஆர்டி என்ற கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பு இல்லை, அல்லது பாதியில் அறுந்திருக்கிறது.

முதல் சோதனை: பழைய கெர்னல்

கிரப்பில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் ஏறிவிடும். ஏறியதும் 'டிஎஃப் -எச் /பூட்' தட்டுங்கள். பூட் பகுதி 100 சதவீதம் நிரம்பியிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

பழைய இன்ஸ்டாலர்கள் பூட் பகுதிக்கு 250 எம்பி அளவில்தான் இடம் ஒதுக்கின. இன்றைய கெர்னலும் அதன் இனிட்ஆர்டியும் சேர்ந்து அதில் இரண்டு தொகுதி நிற்பதே கஷ்டம். அடுத்தது இறங்கும்போது இனிட்ஆர்டி எழுதி முடிக்க இடம் இருக்காது. அப்டேட் நடுவில் கரண்ட் போனாலும் இதே கதி.

'யுநேம் -ஆர்' தட்டி, இப்போது எந்தக் கெர்னலில் ஏறியிருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர்த்த பழையவற்றை 'ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' நீக்கிவிடும். நீக்கப்போகும் பட்டியலை அது காட்டும்போது படித்துவிட்டு 'ஒய்' தட்டுங்கள். பிறகு:

டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்
அப்டேட்-கிரப்

மூன்றும் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று ஒரு வரி வந்தாலும் நிறுத்தி இடம் பண்ணுங்கள்.

பழைய கெர்னலும் ஏறவில்லை

லைவ் பென்டிரைவில் ஏறுங்கள். மெஷினில் இருப்பது 64-பிட் லினக்ஸ் என்றால் லைவும் 64-பிட்டாக இருக்க வேண்டும். 'எல்எஸ்பிஎல்கே' தட்டி ரூட் பார்ட்டிஷன் (லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷன்) எது என்று பாருங்கள். எஸ்டிஏ1 என்று வைத்துக்கொண்டால்:

மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி
மவுன்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
மவுன்ட் --பைண்ட் /பிராக் /எம்என்டி/பிராக்
மவுன்ட் --பைண்ட் /சிஸ் /எம்என்டி/சிஸ்
சிஎச்ரூட் /எம்என்டி

பூட் தனிப் பார்ட்டிஷன் என்றால் சிஎச்ரூட்டுக்கு முன் அதை '/எம்என்டி/பூட்'டில் மவுன்ட் செய்ய வேண்டும். இதை மறந்தால் எல்லாக் கட்டளையும் வெற்றி என்று காட்டும், மெஷின் மட்டும் ஏறாது. உள்ளே போனபின் மேலே சொன்ன மூன்று கட்டளைகள்தான்.

"அட்டெம்ப்டட் டு கில் இனிட்"

இது வேறு பேனிக். டிஸ்க் கிடைத்துவிட்டது, அதிலிருந்த முதல் புரோகிராம் செத்துவிட்டது. எக்ஸிட்கோடு 0பி என்று முடிந்தால் முதலில் ராமைச் சோதியுங்கள். ராம் சுத்தம் என்றால் அப்டேட் பாதியில் அறுந்து அடிப்படைக் கோப்புகள் கெட்டிருக்கின்றன. லைவில் ஏறி வீட்டுக் கோப்புறையை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் குறைந்த நேரம். ஃபார்மட் நியாயமான இடம் இது ஒன்று.

## அறிகுறி: "அலர்ட்! யுயுஐடி... டஸ் நாட் எக்சிஸ்ட்", இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் திரை

இங்கே இனிட்ஆர்டி (இனிட்ராம்எஃப்எஸ் என்பதும் அதுதான்) ஏறிவிட்டது, தேடிய பார்ட்டிஷன் கிடைக்கவில்லை. யுயுஐடி என்பது பார்ட்டிஷனின் அடையாள எண். 'பிஎல்கேஐடி' தட்டுங்கள்.

டிஸ்க் பட்டியலில் வருகிறது: மெதுவாகச் சுழல ஆரம்பிக்கும் பழைய டிஸ்க், அல்லது ஸ்கஸி (பழைய வகை டிஸ்க் இணைப்பு) கார்டு வழியாக வரும் டிஸ்க், கெர்னல் காத்திருக்கும் நேரத்துக்குள் தயாராகவில்லை. 'எக்சிட்' தட்டினாலே சில நேரம் ஏறிவிடும். நிரந்தரமாக லினக்ஸ் வரியில் 'ரூட்டிலே=15' (ரூட், டிலே இரண்டும் சேர்ந்த ஒரே சொல்) சேர்த்துவிடுங்கள். பார்ட்டிஷனை அண்மையில் ஃபார்மட் செய்திருந்தால் யுயுஐடி மாறியிருக்கும். 'எஃப்எஸ்டேப்' கோப்பையும் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆகும் என்ற பட்டியல்) கிரப்பையும் புது எண்ணுக்குத் திருத்த வேண்டும்.

டிஸ்க் வரவே இல்லை: பயாஸில் சாட்டா மோட் மாறியிருக்கிறதா பாருங்கள். பூட் பகுதியில் இடம் மிச்சப்படுத்த யாராவது 'இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்' கோப்பில் 'மாட்யூல்ஸ்=டெப்' ('மாட்யூல்ஸ்' முழுக்கப் பெரிய எழுத்தில்) போட்டிருந்தால், இனிட்ஆர்டிக்குள் அன்று இருந்த கன்ட்ரோலரின் டிரைவர் மட்டும்தான் இருக்கும். பேட்டரி தீர்ந்து ஏஎச்சிஐ ஐடிஇ ஆன அன்று டிஸ்க் காணாமல் போய்விடும். பயாஸை முந்தைய மோடுக்கு மாற்றி ஏற்றுங்கள், பிறகு 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' ஆக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள். பூட் பகுதி சிறிது என்றால் ஒரு பழைய கெர்னலைக் குறைத்துக்கொள்ளலாம். டிரைவரைக் குறைக்க வேண்டாம்.

மோட் சரியாகத்தான் இருக்கிறது என்றால் கேபிள், பவர், டிஸ்க்.

## அறிகுறி: "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி"

கரண்ட் போய் மெஷின் திடீரென அணைந்தபின் வருவது. எல்லாரும் உடனே 'எஃப்எஸ்சிகே -ஒய்' (ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) தட்டுவார்கள். தட்டுவதற்கு முன் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாகும் டிஸ்க்கில் அந்தக் கட்டளை, கிடைக்க வேண்டிய கோப்புகளையும் அழித்துவிடும்.

லைவில் ஏறி 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ' ஓட்டி மூன்று எண்களைப் பாருங்கள். இந்தக் கருவி இல்லையென்றால் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' பேக்கேஜைப் போடுங்கள்.

197 (பென்டிங் செக்டர்): பூஜ்யம் இல்லையென்றால் டிஸ்க் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. 5 (ரீஅலொகேட்டட்): சின்ன எண்ணாக அப்படியே நின்றால் பொறுக்கலாம், வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 (சிஆர்சி): இது ஏறினால் டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் கேபிள்தான். பூட் வரிகளில் "ஐசிஆர்சி" என்று ஓடினால் அதுவும் கேபிள். "யுஎன்சி" என்று ஓடினால் டிஸ்க்.

197 ஏறியிருந்தால் வரிசை இது: அதே அளவோ பெரியதோ ஆன புது டிஸ்க்கை மாட்டி, 'டிடிரெஸ்கியூ' மூலம் முழு நகல் எடுத்து, நகலின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். நகல் எடுக்கும்போது எது பழையது, எது புதியது என்று 'எல்எஸ்பிஎல்கே'யில் மாடல் பெயரை இரண்டு முறை பாருங்கள். திசை மாறினால் மீட்க வழியில்லை.

எண்கள் சுத்தம் என்றால், மவுன்ட் செய்யாத நிலையில் 'எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ1' ஓட்டலாம்.

"லாஸ்ட் மவுன்ட் டைம் இஸ் இன் தி ஃபியூச்சர்" என்று வந்தால் டிஸ்க்கில் குறை இல்லை. கடிகாரம் பின்னால் போய்விட்டது. சிஆர்2032.

## அறிகுறி: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பேனிக், அல்லது பூட் நடுவில் தானாக ரீஸ்டார்ட்

ஒரே வரியில் நின்றால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நின்றால் அது வன்பொருள். லினக்ஸை மறுபடி போடுவது இங்கே நேர விரயம்.

ராம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினட் இரும்பைத் தொட்டபின் கழற்றுங்கள். தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, தூளை போர்டில் விழாமல் தட்டி, ஆல்கஹாலில் துடையுங்கள். ஸ்லாட்டையும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தூசியும் சேர்ந்து பிடிக்கும், அந்த மாதங்களில் இது மட்டுமே போதுமான வைத்தியமாக இருக்கும்.

பிறகு மெம்டெஸ்ட்86+. முழுச் சுற்று ஒன்று முடியட்டும். இரவு முழுக்க விட்டால் நல்லது. சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். ஒவ்வொரு ராமாகத் தனியே, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். எந்த ராம் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை என்றால் போர்டில் குறை, அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டு ஓட்டலாம். எச்பி எக்ஸ்டபிள்யூ6400, டெல் பிரிசிஷன் 490 போன்ற இரட்டை ஜியான் மெஷின்களில் எஃப்பி-டிம் என்ற தனி வகை ராம். சாதாரண டிடிஆர்2 அதில் பொருந்தாது, ஜோடியாகத்தான் போட வேண்டும், நன்றாகச் சுடும். மேலே காற்று போகிறதா என்று பாருங்கள்.

சூடு. சித்திரை, வைகாசியில் மதியம் நின்று காலையில் ஏறும் மெஷின் என்றால் இங்கே தொடங்குங்கள். ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளம் போலப் படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். 775 சாக்கெட் ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் பின்களும் "டக்" என்று உட்கார வேண்டும். ஒன்று தூக்கி நின்றாலும் சிபியு சில நிமிடத்தில் சூடேறி நிற்கும்.

எஸ்எம்பிஎஸ். மெஷின் ஓடும்போது, டிஸ்க்கின் மோலெக்ஸ் கனெக்டரில் அளக்கவும். மஞ்சள்-கறுப்பு 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு-கறுப்பு 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் கணத்தில் 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ் டப்பாவை நீங்கள் திறக்கக் கூடாது. அணைத்தபின்பும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கும். பல்லி விழுந்தது, எறும்பு கூடு கட்டியது என்று தெரிந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது கவனம்: 1990களின் கடைசியில் வந்த டெல் மெஷின்களில் பிளக் பார்க்க ஏடிஎக்ஸ் போலவே இருக்கும், கம்பி வரிசை வேறு. சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்டினால் போர்டு போய்விடும். கம்பி நிறங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் மாட்டாதீர்கள்.

அளவு சரியாகவே இருந்தும் ரீஸ்டார்ட் ஆனால் சுவர் பிளக்கைப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் எலக்ட்ரீஷியன் வேலை அது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தாலும், கரண்ட் கண் சிமிட்டும் நேரத்தில் மெஷின் ரீசெட் ஆகும்.

போர்டு கெப்பாசிட்டர். 2000களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது பெரிய நோய். சிபியு சாக்கெட்டைச் சுற்றியுள்ள உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால், வேறு காரணம் தேட வேண்டாம். பெரும்பாலும் 6.3 வோல்ட், 1500 முதல் 3300 மைக்ரோஃபாரட் வரை. மைக்ரோஃபாரட் அதேதான் வேண்டும், வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி, லோ-ஈஎஸ்ஆர் வகை. ஆம்ப்ளிஃபையருக்குப் போடும் சாதாரண வகையைப் போட்டால் சில வாரத்தில் திரும்பிவிடும். கழற்றுமுன் ஒவ்வொன்றின் மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். போர்டில் அச்சிட்ட குறி சில கம்பெனிகளில் தலைகீழாக இருக்கும். பல அடுக்கு போர்டு சூட்டை உறிஞ்சிவிடும், 25 வாட் அயர்னால் முடியாது, துளை பிய்ந்துவிடும். டிவி போர்டு, யுபிஎஸ் போர்டு தினமும் பார்க்கும் ஆளிடம் கொடுப்பதே நல்லது. பேரலல் போர்ட் டாங்கிள், ஸ்கஸி ஸ்கேனர் என்று பழைய கார்டை நம்பியிருக்கும் அச்சகத்துக்கு இந்தச் செலவு தகும். வெறும் டைப்பிங்குக்கு என்றால் டிஸ்க்கை எடுத்து வேறு மெஷினில் மாட்டுங்கள்.

## சன் மெஷின்கள்: "ஐடிப்ரோம் கன்டென்ட்ஸ் ஆர் இன்வேலிட்"

கல்லூரி லேப்களிலிருந்து கழிந்துவந்த அல்ட்ரா 5, அல்ட்ரா 10, ஸ்பார்க்ஸ்டேஷன்களில் தனி பேட்டரி கிடையாது. அமைப்புகளை நினைவில் வைக்கும் என்விராம் சிப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்ததும் ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப் ஆகிவிடும், பூட் அமைப்புகளும் போய்விடும். டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் பூட் தேடி "டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் ஏஆர்பி/ஆர்ஏஆர்பி" என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்டாப் பட்டனும் 'ஏ'வும் சேர்த்து அழுத்தினால் 'ஓகே' வரும். 'செட்என்வ் டயாக்-ஸ்விட்ச்? ஃபால்ஸ்', பிறகு 'பூட் டிஸ்க்'. டிஸ்க் இருந்தால் ஏறும். டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்க அல்ட்ரா 5, 10ல் 'ப்ரோப்-ஐடிஇ', ஸ்பார்க்ஸ்டேஷனில் 'ப்ரோப்-ஸ்கஸி'.

இது ஒரு பூட்டுக்குத்தான். சிப்பை மாற்ற வேண்டும்: அல்ட்ரா 5, 10க்கு எம்48டி59ஒய், ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20க்கு எம்48டி08. சாக்கெட்டில் செருகியிருக்கும், சோல்டரிங் தேவையில்லை. ஆன்லைனில் வருவதில் கழற்றி மெருகேற்றிய பழைய சரக்கு நிறைய உண்டு, உள்ளே பேட்டரி ஏற்கெனவே செத்திருக்கும். கைத்திறன் உள்ளவர்கள் சிப்பின் மேல்பகுதியை அறுத்து வெளியே சிஆர்2032 ஹோல்டர் இணைக்கிறார்கள். புதுச் சிப்பில் ஈதர்நெட் முகவரியைத் திரும்ப எழுத வேண்டும். பழைய சிப்பின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் முகவரியின் கடைசி ஆறு எழுத்துகள் இருக்கும், முன்னால் வரும் 08:00:20 சன்னுக்குரியது. அந்தச் சீட்டைப் படம் எடுக்காமல் பழைய சிப்பை எறியாதீர்கள்.